சம்பளத்தோடு பயிற்சி, முடிவில் சான்றிதழ்: வேலூர், ராணிப்பேட்டை பக்கம் எதை நம்பிச் சேரலாம்?

குடியாத்தம்_மாமா:
எல்லாருக்கும் வணக்கம். என் அக்கா மகன் இந்த வருஷம் ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்திருக்கிறான். மார்க் நன்றாகவே இருக்கிறது. இப்போது இரண்டு இடம் கூப்பிடுகிறார்கள். ஒன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தனியார் கம்பெனி. ஒரு வருஷம் டிரெய்னிங், மாதம் 12 ஆயிரம், முடிந்ததும் கம்பெனியே சர்டிபிகேட் கொடுக்குமாம். இன்னொன்று ஒரு பொதுத்துறை ஆலையில் அப்ரண்டிஸ். அங்கே ஸ்டைபண்ட், அதாவது பயிற்சிக்கால உதவித்தொகை, மாதம் ஏழாயிரம்தான். அக்கா தனியாளாக இருந்து பையனைப் படிக்க வைத்தவள், அவள் 12 ஆயிரம் பக்கம் சாய்கிறாள். பையனுக்கு ஆலைதான் பிடித்திருக்கிறது. இரண்டு சர்டிபிகேட்டுக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாலாஜா_டிப்ளமோ:
ஆலைக்கே போகச் சொல்லுங்கள் அண்ணே. யோசிக்கவே வேண்டாம்.

ஓய்வுபெற்ற_பயிற்றுநர்:
அப்படி ஒரே வரியில் முடிக்கக் கூடாது தம்பி. அந்த அம்மாவின் கணக்கிலும் நியாயம் இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஊரில் "டிரெய்னிங்" என்ற பெயரில் நடப்பவை இரண்டு வகை. ஒன்று 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டத்தின் கீழ் வருவது. பையனும் கம்பெனியும் ஒப்பந்தம் போடுவார்கள். அது அரசு இணையதளத்தில் (போர்ட்டலில்) பதிவாகி, அதற்கு ஒரு எண் கிடைக்கும். என்ன ட்ரேடு (தொழில் பிரிவு), எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, மாதம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். பயிற்சி முடிந்ததும் அகில இந்திய அளவில் தேர்வு. ஜெயித்தால் தேசிய தொழிற்பழகுநர் சான்றிதழ், அதாவது எல்லாரும் என்.ஏ.சி. என்று சொல்வது. அது நாடு முழுவதும் செல்லும்.

மற்றது, கம்பெனி தானே வைத்துக்கொள்ளும் டிரெய்னி. பதிவு இல்லை, பாடத்திட்டம் இல்லை, வெளித்தேர்வு இல்லை. முடிவில் கம்பெனி லெட்டர்பேடில் ஒரு காகிதம் வரும். அதை அனுபவச் சான்று என்று காட்டலாம், அவ்வளவுதான். நல்ல கம்பெனியாக இருந்து நன்றாகவும் கற்றுக்கொடுத்தால் அதுவும் வீண் இல்லை. ஆனால் என்.ஏ.சி. கேட்கிற இடத்தில் அதை நீட்ட முடியாது.

அதனால் அந்தத் தனியார் கம்பெனியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "ஒப்பந்தம் போர்ட்டலில் பதிவாகுமா, பதிவு எண் எப்போது தருவீர்கள்?" பதில் தெளிவாக வந்தால் பேச்சைத் தொடரலாம். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் அது வெறும் வேலை. வேலையாகச் சேருவதும் தப்பில்லை, ஆனால் அது வேலைதான் என்று தெரிந்தே சேர வேண்டும்.

குடியாத்தம்_மாமா:
ரொம்ப நன்றி மேடம். நாளைக்கே கேட்கச் சொல்கிறேன். ஏழாயிரம் என்பது சட்டத்திலேயே இருக்கிறதா, ஆலை தானாக முடிவு செய்ததா?

வாலாஜா_டிப்ளமோ:
சட்ட விதிதான் அண்ணே. 2019 விதிகளின்படி குறைந்தபட்ச ஸ்டைபண்ட் இப்படி: பத்தாவது முடித்தவருக்கு 6,000, பன்னிரண்டாவது அல்லது ஐ.டி.ஐ. என்றால் 7,000, டிப்ளமோவுக்கு 8,000, டிகிரிக்கு 9,000. பயிற்சி இரண்டாம் வருஷமும் போனால் 10 சதவீதம் ஏறும். இதற்குக் கீழே கொடுக்கக் கூடாது, மேலே எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். 2025 மே மாதம் நடந்த மத்திய தொழிற்பழகுநர் குழுக் கூட்டத்தில் இதை 36 சதவீதம் உயர்த்தப் பரிந்துரை செய்தார்கள். கையெழுத்துப் போடும் நாளில் ஒப்பந்தத்தில் என்ன தொகை இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் கணக்கு.

ஆம்பூர்_லைன்_சூப்பர்வைசர்:
நான் ஷூ கம்பெனியில் தையல் லைன் பார்க்கிறேன். இங்கே எல்லாரும் சர்டிபிகேட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கத்து வீடுகளில் முதல் கேள்வி இந்த மாதம் எவ்வளவு வரும் என்பதுதான். ஏழாயிரத்தில் பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் போக என்ன மிஞ்சும்? தோல் ஷாப்பில் தினக்கூலிக்குப் போனாலே இதைவிட அதிகம் வருகிறது. பையன் ஒரு வருஷம் பொறுத்துக்கொள்வான், குடும்பம் பொறுக்குமா? வீட்டில் கடன் இருந்தால், வட்டி ஒரு வருஷம் காத்திருக்காது.

படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் லைனுக்கு வருகிற பெண் பிள்ளைகள் நல்ல கைகாரிகள். அப்பர் (ஷூவின் மேல் பகுதி) தைப்பதை சில வாரங்களில் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் வருஷக்கணக்காக மெஷினில் உட்கார்ந்தவளிடம்கூட அந்தத் திறமைக்கு ஒரு காகிதம் கிடையாது. கம்பெனி மாறினால் மறுபடி "ஹெல்பர்" சம்பளத்தில் இருந்து ஆரம்பம். இதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் வருகிறது. காகிதம் வேண்டும், ஆனால் அதை வாங்கும் வழி பசித்த வயிற்றுக்கு எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற_பயிற்றுநர்:
நீங்கள் சொல்வது முழுக்க நியாயம் அம்மா. உங்கள் தொழிலுக்கும் இந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். 2014இல் சட்டத்தைத் திருத்தியபோது ஐ.டி.ஐ. ட்ரேடுகளைத் தாண்டி விருப்பத் தொழில்கள் என்று ஒரு வகையைச் சேர்த்தார்கள். ஷூ கட்டிங், தையல் போன்றவற்றை அந்த வகையில் கொண்டுவரலாம். கம்பெனி மனது வைத்தால் உங்கள் லைனிலேயே பதிவு செய்து, தேர்வு வைத்து, சான்றிதழ் வாங்கித் தர முடியும். அரசும் ஸ்டைபண்டில் ஒரு பங்கு கொடுக்கிறது. 2016இல் வந்த தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் 25 சதவீதம், மாதம் அதிகபட்சம் 1,500 ரூபாய். இப்போது அந்தப் பணம் பயிற்சி பெறுபவரின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது.

சிப்காட்_எச்ஆர்:
கம்பெனி பக்கத்திலிருந்து நானும் பேசலாம் என்று நினைக்கிறேன். ராணிப்பேட்டையில் ஒரு நடுத்தர இன்ஜினியரிங் யூனிட்டில் எச்.ஆர். பார்க்கிறேன். 30 பேர் அல்லது அதற்கு மேல் இருக்கிற எல்லா நிறுவனமும் மொத்த ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும் என்பது விதி, இதில் காண்ட்ராக்ட் ஆட்களும் கணக்கில் சேருவார்கள். நாலு பேர் இருந்தாலே விருப்பப்பட்டால் எடுக்கலாம். ஆனால் நிறைய முதலாளிகளுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களுக்கும் போர்ட்டலில் பதிவு செய்வது, மாதாமாதம் விவரம் ஏற்றுவது எல்லாம் தலைவலி. அதனால் "டிரெய்னி" என்று சொல்லி ஆள் எடுத்துவிடுகிறார்கள். எல்லாரும் ஏமாற்ற வேண்டும் என்று செய்வதில்லை.

இன்னொரு விஷயம். நாங்கள் நன்றாகக் கற்றுக்கொடுத்த பையன் பயிற்சி முடிந்த மறுநாளே ஸ்ரீபெரும்புதூருக்கோ ஒரகடத்துக்கோ போய்விடுகிறான். ஒரு வருஷம் அவனுக்குச் சீனியர் டெக்னீஷியன் செலவழித்த நேரத்தை எங்கே எழுதுவது என்று முதலாளி கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

அரக்கோணம்_லோகோ:
அவர் கேட்பதில் பாதி சரி. மீதிப் பாதிக்குப் பதில், அந்த ஒரு வருஷம் பையன் செய்து கொடுத்த உற்பத்தி. வெர்னியர் (நுண் அளவு கருவி) பிடிக்கத் தெரிந்த ஐ.டி.ஐ. பையன் மூன்றாம் மாதத்திலிருந்தே ஜாப் போட, அதாவது தானே பாகங்கள் செய்துகொடுக்க ஆரம்பித்துவிடுவான். அதை யாரும் எழுதி வைப்பதில்லை.

நான் ரயில்வேயில் அப்ரண்டிஸ் முடித்து அதே வழியில் வேலைக்கு வந்தவன். குடியாத்தம் அண்ணனுக்காக இதைச் சொல்கிறேன். தெற்கு ரயில்வேயில் அப்ரண்டிஸ் எடுக்கும்போது எழுத்துத் தேர்வு கிடையாது. பத்தாவது மார்க்கையும் ஐ.டி.ஐ. மார்க்கையும் வைத்துப் பட்டியல் போடுவார்கள். பெரம்பூர், பொன்மலை, அரக்கோணம் என்று பல இடத்தில் பயிற்சி. அப்ரண்டிஸ் முடித்ததற்காகவே வேலை தர மாட்டார்கள், இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஆனால் ரயில்வேயின் கடைநிலையான லெவல் 1 வேலைகளில் 20 சதவீதம் ரயில்வேயில் அப்ரண்டிஸ் முடித்து என்.ஏ.சி. வாங்கினவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறது. தேர்வு எழுதித்தான் வர வேண்டும். லட்சக்கணக்கான பேர் எழுதுகிற தேர்வில் நமக்கென்று ஒரு தனி வரிசை கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. கம்பெனி லெட்டர்பேடு காகிதத்துக்கு அந்த வரிசையில் இடம் இல்லை.

1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பி நம் வாலாஜா ரோட்டில்தான் வந்து நின்றது. எங்கள் மாவட்டத்துப் பையன்கள் ரயில்வே ஷெட்டில் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு அது நினைவுக்கு வரும், பெருமையாக இருக்கும்.

குடியாத்தம்_மாமா:
முதலில் 12 ஆயிரம் டிரெய்னிங்குக்குப் போய்விட்டு, கொஞ்சம் கடன் அடைத்த பிறகு அடுத்த வருஷம் அப்ரண்டிஸுக்குப் போகலாம் என்கிறாள் அக்கா. அப்படிச் செய்யலாமா?

வாலாஜா_டிப்ளமோ:
வேண்டவே வேண்டாம்! நிறையப் பேர் சறுக்குகிற இடம் இதுதான். அப்ரண்டிஸ் அறிவிப்புகள் பலவற்றில் ஒரு வருஷம் அல்லது அதற்கு மேல் வேலை அனுபவம் இருக்கக் கூடாது, ஏற்கெனவே அப்ரண்டிஸ் முடித்திருக்கக் கூடாது என்று நிபந்தனை போடுவார்கள். படிப்பு முடித்து இத்தனை வருஷத்துக்குள் இருக்க வேண்டும், வயது இதற்கு மேல் போகக் கூடாது என்பதும் இருக்கும். என்னோடு பாலிடெக்னிக் படித்த ஒருவன் இப்படித்தான் முதலில் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். பி.எஃப். கணக்கில் வேலை செய்த காலம் பதிவாகிவிட்டது. அப்புறம் அவன் விண்ணப்பித்த இடங்களில் எடுக்கவில்லை. அப்ரண்டிஸ் முடித்துவிட்டு வேலைக்குப் போகலாம், வேலைக்குப் போய்விட்டு அப்ரண்டிஸுக்குத் திரும்புவது கஷ்டம்.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களுக்குத் தனி வழி, என்.ஏ.டி.எஸ். என்ற திட்டம். தரமணியில் இருக்கிற தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் தென் மாநிலங்களுக்கு இதைப் பார்க்கிறது. ஒரு வருஷம். குறைந்தபட்ச ஸ்டைபண்டில் பாதியை மத்திய அரசு கொடுக்கும். போக்குவரத்துக் கழகத்தில் மெக்கானிக்கல் டிப்ளமோவை வைத்துச் சேர்ந்தேன். வேலூர் மண்டலம் விழுப்புரம் கோட்டத்தில்தான் வருகிறது. டிப்போவில் எஞ்சின் இறக்குவதிலிருந்து பிரேக் ஓவர்ஹால் வரை கை வைக்க விட்டார்கள். கல்லூரியில் மூன்று வருஷம் படத்தில் பார்த்த ஏர் பிரேக் சிஸ்டம் அங்கேதான் எனக்குப் புரிந்தது.

பாகாயம்_அம்மா:
உங்கள் பேச்சுக்கு நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் மகள் பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் "சம்பளத்தோடு நர்சிங் பயிற்சி, ஒரு வருஷம், சர்டிபிகேட் உண்டு" என்று கூப்பிடுகிறார்கள். நம் ஊரில் நர்ஸ் வேலைக்கு மதிப்பு அதிகம், சி.எம்.சி.யைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை. இதுவும் நீங்கள் சொல்கிற கணக்கில் வருமா?

ஓய்வுபெற்ற_பயிற்றுநர்:
இதில் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் அம்மா. நர்ஸ் என்று பதிவு செய்ய வேண்டுமானால் நர்சிங் கவுன்சில் அங்கீகரித்த பள்ளியில் ஏ.என்.எம். இரண்டு வருஷம், அல்லது ஜி.என்.எம். மூன்று வருஷம், அல்லது பி.எஸ்சி. நர்சிங் நாலு வருஷம் படிக்க வேண்டும். ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை செய்து வாங்குகிற சர்டிபிகேட்டை வைத்துத் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. அந்தப் பிள்ளை உதவியாளராக வேலை செய்யலாம், நர்ஸாக முடியாது. சி.எம்.சி.யில் நர்சிங் பள்ளி 1909இலேயே ஆரம்பித்தார்கள். நம் ஊரில் நர்ஸுக்கு இருக்கிற மரியாதை அந்த மாதிரி முறையான படிப்பினால் வந்தது. பிள்ளைக்கு அதுவே ஆசை என்றால் கவுன்சில் அங்கீகாரம் உள்ள இடத்தில் விண்ணப்பம் போடுங்கள். கட்டணம் பயமாக இருந்தால் அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்த நர்சிங் பள்ளிகளை விசாரியுங்கள்.

பாகாயம்_அம்மா:
சரிங்க மேடம். நல்லவேளை கேட்டேன்.

ஆம்பூர்_லைன்_சூப்பர்வைசர்:
மேடம், ஒரு சந்தேகம். அப்ரண்டிஸ் என்று எடுத்துவிட்டு தரை பெருக்க விடுகிறார்கள், ஓவர்டைம் போடச் சொல்கிறார்கள், டூட்டி முடிந்த பிறகும் லோடு இறக்கச் சொல்கிறார்கள். எங்கள் பக்கம் ஒரு பையனுக்கு இப்படி நடந்தது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் பாதியில் விட்டுவிட்டு வந்துவிட்டான். ஒரிஜினல் மார்க் ஷீட்டை வேறு பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

ஓய்வுபெற்ற_பயிற்றுநர்:
கேட்கவே மனசு பதறுகிறது. சட்டம் சொல்வதைச் சொல்கிறேன், எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்ரண்டிஸ் சட்டப்படி தொழிலாளி இல்லை, பயிற்சி பெறுபவர். அதனால் பி.எஃப்., போனஸ் இவையெல்லாம் பொருந்தாது. இது அவர்களுக்குப் பாதகமான பக்கம். ஆனால் தொழிற்சாலைகளுக்கான உடல்நலம், பாதுகாப்பு, நலன் பற்றிய சட்ட விதிகள் பொருந்தும். பயிற்சியின்போது விபத்து நடந்தால் தொழிலாளிக்குக் கொடுப்பது போலவே இழப்பீடு கொடுக்க வேண்டும். தொழிற்பழகுநர் ஆலோசகர், அதாவது இந்தச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அரசு அதிகாரி, அவருடைய அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது. ஸ்டைபண்ட் அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் வந்துவிட வேண்டும். தகராறு வந்தால் அதே ஆலோசகரிடம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். நடைமுறையில் நீங்கள் போக வேண்டிய இடம் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம். 2019இல் மாவட்டத்தை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரித்துவிட்டதால், பையனின் வீடு எந்த மாவட்டம் என்று பார்க்காமல் கம்பெனி எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துப் போங்கள். ஆம்பூர் கம்பெனி என்றால் திருப்பத்தூர்.

ஒரிஜினல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டு வைக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், நகல் கொடுக்கலாம், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பாதியில் விட்டுவிட்டு வருவதும் இரண்டு பக்கமும் கூர்மை உள்ளது. நிறுவனம் தன் பக்கத் தவறால் ஒப்பந்தத்தை முறித்தால் ஈட்டுத்தொகை கொடுக்க வேண்டும். பயிற்சி பெறுபவர் காரணம் இல்லாமல் முறித்தால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்க இடம் இருக்கிறது. அதனால் கோபத்தில் வெளியேறும் முன்பு எழுத்தில் ஒரு புகார் கொடுத்துவிட்டு நகல் வைத்துக்கொள்ள வேண்டும்.

சிப்காட்_எச்ஆர்:
மேடம் சொன்னதில் ஒரு விஷயத்தைச் சேர்க்கிறேன். வேலை தர வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை என்பது உண்மைதான். ஆனால் 1995இல் உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்று சொன்னது: மற்ற தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி முடித்த அப்ரண்டிஸுக்கு முன்னுரிமை தர வேண்டும். அரசு நிறுவனங்களில் இன்றும் இதை எடுத்துக்காட்டித்தான் பேசுகிறார்கள்.

நேற்று எழுதின பிறகு எங்கள் முதலாளியிடமும் பேசினேன். இப்போது இருக்கிற டிரெய்னிகளில் சிலரை வரும் சேர்க்கையில் போர்ட்டலில் பதிவு செய்ய ஒத்துக்கொண்டார். ஸ்டைபண்டையும் குறைந்தபட்சத்துக்கு மேலே வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆம்பூர் அக்கா சொன்ன பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு கணக்கைத்தான் அவரிடம் காட்டினேன். முதல் கட்டமாகக் கேன்டீன் சாப்பாட்டை இலவசமாகத் தரச் சம்மதித்தார்.

ஆம்பூர்_லைன்_சூப்பர்வைசர்:
ரொம்ப சந்தோஷம் சார். ஒரு வேளைச் சாப்பாடு என்பது எங்கள் வீடுகளில் பெரிய கணக்கு. எங்கள் கம்பெனியிலும் தையல் லைனுக்கு இப்படிக் கேட்டுப் பார்க்கிறேன். அந்த விருப்பத் தொழில் விவரம் எங்கே கிடைக்கும் என்று மேடம் சொன்னால், நானே எங்கள் மேனேஜரிடம் எடுத்துப் போகிறேன்.

ஓய்வுபெற்ற_பயிற்றுநர்:
அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா என்ற அரசு இணையதளத்தில் எல்லாப் பாடத்திட்டமும் தொழில்வாரியாக இருக்கிறது அம்மா. தோல் துறையைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். மேனேஜரிடம் போகும்போது அரசு தரும் 1,500 ரூபாய் பங்கை முதலில் சொல்லுங்கள், அவர் காது கொடுப்பார்.

பேரணாம்பட்டு_தங்கை:
அக்கா, எனக்கும் ஒன்று கேட்க வேண்டும். நான் பத்தாவது வரைதான். ஐ.டி.ஐ. படிக்காமல் நேராக அப்ரண்டிஸ் சேர முடியுமா? வயது 17.

ஓய்வுபெற்ற_பயிற்றுநர்:
முடியும் கண்ணு. முதலில் அடிப்படைப் பயிற்சி, அப்புறம் தொழிற்சாலையில் பயிற்சி. சட்டப்படி 14 வயது நிறைந்திருந்தால் போதும், ஆனால் ஆபத்தான தொழில் என்று வகைப்படுத்திய இடமாக இருந்தால் 18 ஆகியிருக்க வேண்டும். உனக்கு இன்னும் 18 ஆகாததால் ஒப்பந்தத்தில் அம்மாவோ அப்பாவோ கையெழுத்துப் போட வேண்டும்.

ஆனால் என்னைக் கேட்டால் முதலில் ஐ.டி.ஐ. முடி என்பேன். அரசு ஐ.டி.ஐ.யில் படிக்கும்போது மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் ஆயிரம் ரூபாய் தனி. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களில் ரோபோ, சி.என்.சி. (கணினி இயக்கும் மெஷின்) எல்லாம் கொண்டுவந்து புது மையம் அமைத்திருக்கிறார்கள். ஐ.டி.ஐ. முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம், அப்ரண்டிஸ் போனாலும் ஸ்டைபண்ட் 6,000க்குப் பதில் 7,000.

பேரணாம்பட்டு_தங்கை:
வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் அக்கா. சேர்க்கைக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

ஓய்வுபெற்ற_பயிற்றுநர்:
பத்தாவது மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ. ஆதாரில் இருக்கிற பெயரும் பிறந்த தேதியும் மார்க் ஷீட்டில் இருப்பது போலவே இருக்கின்றனவா என்று இன்றைக்கே பார். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் பின்னால் போர்ட்டலில் பதிவு நிற்கும், வங்கிக்குப் பணம் வராது. திருத்தம் வேண்டியிருந்தால் விண்ணப்பம் தொடங்கும் முன்பே இ-சேவை மையத்துக்குப் போய்விடு, சேர்க்கை நேரத்தில் அங்கே கூட்டம் அதிகம்.